ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்த குரல்

நான் அந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் காலை, பிரேயரில் மைக் கெட்டுப்போயிருந்தது. அயனம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து வீசிய காற்றில் பிரின்சிபாலின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஒரு சொல்லும் காதில் விழவில்லை. வரிசைகள் கலைந்து பிள்ளைகள் பேசத் தொடங்கியபோது எனக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. "அட்டென்ஷன்!" அவ்வளவுதான். மைதானம் மொத்தமும் அடங்கியது. கேட்டுக்கு வெளியே பிள்ளையை இறக்கிவிட வந்திருந்த ஆட்டோக்காரர்கூட ஒரு கணம் நிமிர்ந்து நின்றார். திரும்பிப் பார்த்தால், என் தோள் உயரம்கூட இல்லாத, ஒல்லியான ஒரு பெண். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "புதுசா? தமிழா? பயந்துக்காதீங்க மிஸ். நம்ம தொண்டையே இப்டித்தான். ஊட்லயும் இதான்" என்றார்.

அவர்தான் சயின்ஸ் மிஸ். எங்களைப் போன்ற தனியார் பள்ளிகளில் ஆசிரியைகளுக்குப் பெயர் கிடையாது. நடத்தும் பாடம்தான் பெயர். நான் தமிழ் மிஸ். வேலையை விட்டுப் போனால் அந்தப் பெயரும் அடுத்து வருகிறவருக்குப் போய்விடும்.

சயின்ஸ் மிஸ் பாடியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா கூலிக்கு நாற்று நட்டவர். அப்பா பாடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துக் காது மந்தமானவர். அவரோடு பேசிப் பேசித்தான் தனக்கு இந்தக் குரல் வந்தது என்பார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர். பெற்றோர் வரும் நாட்களில் நல்ல ஆங்கிலத்தில் பேசுவார். ஆனால் பாடம் நடத்தும்போது, ஒரு விஷயம் பிள்ளைகளுக்குப் புரியாமல் நிற்கும் இடத்தில், தானாகவே தன் தெருவின் பேச்சுக்குப் போய்விடுவார். அடுத்த வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருக்கும் எனக்குச் சுவரைத் தாண்டி அது கேட்கும். "டேய், பஸ்ல கம்பியப் புடிக்காம நின்னுகினு கீற. டிரைவர் சடன் பிரேக் போட்டா இன்னா ஆவும்? மூஞ்சி முன்னாடி போவும். ஏன் போவுது? வண்டி நின்னுட்ச்சி, உன் ஒடம்பு இன்னும் ஓடிகினுதான் கீது. அதான்டா இனர்ஷியா." என் வகுப்புப் பிள்ளைகளும் செய்யுளை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பள்ளியில் படித்தபோது எனக்குப் புரியாத நிலைமம் அன்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து புரிந்தது.

அவருக்கு உயிர்த்தோழி மேத்ஸ் மிஸ். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் ஐடி கம்பெனியில் வேலை. அம்பத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சயின்ஸ் மிஸ் பாடியிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பி, அம்பத்தூரில் மேத்ஸ் மிஸ்ஸை ஏற்றிக்கொண்டு வருவார். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் மடியில் இரண்டு கைப்பையும் இரண்டு சாப்பாட்டுப் பையும் திருத்திய பேப்பர் கட்டுகளும் இருக்கும். பள்ளி வாசலில் இறங்கும்போதே ஏதாவது ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கும். "ஏட்டி, பள்ளத்துல விட்டு என் இடுப்ப ஒடிச்சிட்டியேட்டி" என்பார் மேத்ஸ் மிஸ். "பள்ளம் இல்லாத ரோட்ட உங்க ஊர்லேர்ந்து பார்சல்ல வரவழை மே" என்பார் சயின்ஸ் மிஸ். ஸ்டாஃப் ரூமில் ஒரு நீண்ட மேசை இருந்தது. மதியம் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். இவர்கள் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் பேசிக் காட்டுவார்கள். சயின்ஸ் மிஸ் "சொல்லுதேன், செய்யுதேன்" என்று இழுக்க, மேத்ஸ் மிஸ் "இன்னாமே" என்று தொடங்கிப் பாதியில் உளற, சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடும்.

அந்த நாட்களில் வேலை குறைவாக இருந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு வகுப்பில் உட்கார இடமில்லாத அளவு பிள்ளைகள். நாள் முழுக்க நின்றபடி பாடம். மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், வீட்டுக்குப் போனால் திருத்த வேண்டிய பேப்பர், நடுவில் ஆண்டு விழா, அட்மிஷனுக்கு வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைப் பார்ப்பது. எல்லாம் அன்றும் இருந்தது. மேத்ஸ் மிஸ்ஸுக்குக் கரு கலைந்தபோது அவர் வகுப்புகளின் பேப்பரையும் சேர்த்துத் திருத்திக் கொடுத்தவர் சயின்ஸ் மிஸ். சயின்ஸ் மிஸ்ஸின் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது அவர் பீரியடுகளை எல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டவர் மேத்ஸ் மிஸ். உடம்பு அலுத்தது, மனம் அலுக்கவில்லை. மறுநாள் காலை அந்த மேசைக்கு வரவேண்டும் என்ற ஆசை எங்கள் எல்லோருக்கும் இருந்தது. ஆசிரியர்களைக் களைப்படையச் செய்வது பிள்ளைகள் இல்லை, வேலைகூட முழுக் காரணம் இல்லை என்று நான் இன்று உறுதியாகச் சொல்வேன். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் யார், அவர் நம்மை எப்படிப் பார்க்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது தெரிந்தபோது, தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாத நிலையில் இருந்தோம்.

பள்ளியின் தாளாளர் மாறினார். பழையவரின் மகன் பொறுப்புக்கு வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். குரலை உயர்த்த மாட்டார், எல்லோரையும் "வாங்க மேடம்" என்றுதான் சொல்வார். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பி, புதிய பெற்றோர்கள் வந்துகொண்டிருந்த காலம். வேலப்பன்சாவடிப் பக்கம் பெரிய பெரிய பள்ளிகள் திறந்திருந்தன; அவற்றுக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்ற பயம் அவருக்கு. மேத்ஸ் மிஸ்ஸை கோ-ஆர்டினேட்டர் ஆக்கினார். மற்ற ஆசிரியைகளின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்து, குறைகளை மேலே சொல்வதுதான் அந்தப் பதவி. சேதி வந்த அன்று அதிகம் குதித்தவர் சயின்ஸ் மிஸ்தான். எல்லோருக்கும் சமோசா வாங்கி வந்து, "இன்னிலேர்ந்து நம்ம ஆளு ஆபீசர். எவளும் லேட்டா வராதீங்க, நான் மட்டும் வருவேன்" என்றார்.

சில வாரங்களில் மேத்ஸ் மிஸ் ஸ்கூட்டியில் வருவதை நிறுத்திக்கொண்டு பள்ளி வேனில் வரத் தொடங்கினார். கோ-ஆர்டினேட்டர் ஒரு ஆசிரியையோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் மதிக்க மாட்டார்கள் என்று தாளாளர் சொன்னாராம். அதைத் தோழியிடம் நேரில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேனில் வந்தால் இடுப்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் சில நாட்கள் சயின்ஸ் மிஸ் பழக்கத்தில் அம்பத்தூரில் அந்தக் குடியிருப்பு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பிறகு நினைவு வந்து கிளம்பியிருக்கிறார். அதை எங்களிடம் ஒரு நகைச்சுவையாகத்தான் சொன்னார். மேத்ஸ் மிஸ் மேசைக்கு வருவதும் நின்றது. அவருக்குத் தனி அறை கிடைத்தது. எங்களிடம் பேசும்போது ஆங்கிலம் வந்தது. "சொல்லுதேன்" என்ற வார்த்தையை அந்தக் கட்டடத்தில் நான் பிறகு கேட்கவே இல்லை.

பிறகு அந்தப் புகார் வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வீட்டில் தன் பாட்டியிடம், "சாப்ட இன்னா கீது?" என்று கேட்டிருக்கிறது. அதன் அம்மா பள்ளிக்கு வந்து தாளாளரிடம், இந்தப் பேச்சைக் கற்றுக்கொள்ளவா இவ்வளவு பெரிய பள்ளியில் சேர்த்தோம் என்று கேட்டார். மறுநாள் தாளாளர் அறையில் கூட்டம். சயின்ஸ் மிஸ், பிரின்சிபால், மேத்ஸ் மிஸ், அப்புறம் மொழிக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். என்னிடம் கேட்டபோது, அது தவறான தமிழ் இல்லை, இந்த ஊர்க்காரர்களின் பேச்சு, பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்று பார்க்கலாமே என்றேன். தாளாளர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மேத்ஸ் மிஸ் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க மேடம். உங்களுக்கு இவங்கள நல்லாத் தெரியும். கிளாஸ்ல இப்படித்தான் பேசறாங்களா?"

மேத்ஸ் மிஸ் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "யெஸ் சார்."

"எப்பவாவதா?"

"எப்பவும் சார்."

அவ்வளவுதான் நடந்தது. யாரும் கத்தவில்லை, யாரும் அழவில்லை. இனி வகுப்பில் ஆங்கிலம் மட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். படிக்கட்டில் இறங்கும்போது நான் சயின்ஸ் மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். மேத்ஸ் மிஸ் வேறு வழியில்லாமல் சொல்லியிருப்பார் என்று சமாதானம் சொன்னேன். அவர் ஒரு படியில் நின்றுகொண்டார். "அவ பொய் சொல்லிருந்தாக்கூட சண்ட போட்டுட்டு வந்துருப்பேன் மிஸ். உண்மையத்தான சொன்னா. அந்தப் பேச்சுக்கு எல்லாரையும் விட ஜாஸ்தி சிரிச்சதும் அவதான்" என்றார்.

பத்தாம் வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். யார் லீவு போட்டாலும் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். மேசையில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வகுப்பறைக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அவர்மேல் ஒரு கோபமும் கிடையாது. அவரோடு சிரித்துப் பேசுவது மேலே போய்ச் சேரும் என்ற பயம். நான் அவரோடுதான் உட்கார்ந்தேன். என்னால் முடிந்ததையெல்லாம் பேசினேன். ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் போதும் என்று கதைகளில் வரும். போதவில்லை. அத்தனை பேர் சிரித்த இடத்தில் ஒருத்தி மட்டும் மிச்சம் உட்கார்ந்திருப்பது, மற்றவர்கள் இல்லாததைத்தான் கூடுதலாகக் காட்டியது. அவர் என் முகத்துக்காகச் சாப்பிட்டார். நான் அவர் முகத்துக்காகப் பேசினேன். மணி அடித்தால் இரண்டு பேருக்குமே நிம்மதியாக இருந்தது.

அந்த மழைக்காலத்தில் அவர் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்றுதான் நினைத்தோம். பிறகு வெறும் காற்று மட்டும் வந்தது. அம்பத்தூரில் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் நானும் கூடப் போனேன். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார் அவர். "வீட்ல எப்படிப் பேசறீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் சயின்ஸ் மிஸ் எனக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னார், காற்றுக்குரலில். ஞாயிற்றுக்கிழமை மதியம் வாக்கில் குரல் வந்துவிடுகிறது. மகனைக் கூப்பிட்டால் தெருமுனை வரை கேட்கிறது. திங்கள் காலை வண்டியைப் பள்ளி வாசலில் நிறுத்தும்போது போய்விடுகிறது. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "கொஞ்ச நாள் லீவு போட முடியுமா?" என்றார். முடியாது என்று இருவருமே தலையாட்டினோம்.

வீட்டில் பேசுகிறார் என்ற செய்தி எப்படியோ மேலே போயிற்று. நடிக்கிறார் என்று முடிவு செய்தார்கள். சரிபார்த்து வரச் சொல்லி மேத்ஸ் மிஸ்ஸை அனுப்பினார்கள். அன்று எனக்கு ஓய்வு பீரியட். வராந்தாவில் இருந்து பார்த்தேன். ஆறாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் மேத்ஸ் மிஸ். சயின்ஸ் மிஸ் பலகையில் எழுதினார், ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்லிக் கை காட்டினார், பூவின் பாகங்களை வரைந்தார். பிள்ளைகள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு, தாங்களும் சைகையில்தான் சந்தேகம் கேட்டார்கள். சயின்ஸ் மிஸ் ஒரு முறைகூடக் கடைசி பெஞ்சைப் பார்க்கவில்லை. பீரியட் முடிந்ததும் மேத்ஸ் மிஸ் வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டிக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போனேன். "நான் என்ன மிஸ் செய்யட்டும்? எனக்குப் பின்னாலயும் ஒருத்தர் கடைசி பெஞ்சுல உக்காந்திருக்காரே" என்றார். அதுவும் உண்மைதான்.

அந்தப் பருவம் முடியும் முன்பே சயின்ஸ் மிஸ் வேலையை விட்டார். பிரிவு உபசாரம் எதுவும் இல்லை. மதியம் வகுப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். வாசல்வரை நான் போனேன். மேத்ஸ் மிஸ் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் நின்றுகொண்டிருந்தார், நாற்காலி இருந்தும். வெளியே வரவில்லை. ஸ்கூட்டி தெருவில் திரும்பிய பிறகுதான் வந்து, என்னைத் தாண்டிப் போய்ப் பார்த்தார். அதற்குள் தெரு காலியாகிவிட்டிருந்தது.

சயின்ஸ் மிஸ் இல்லாத இடத்தில் புது ஆள் வரும்வரை அந்த வகுப்புகளையும் மேத்ஸ் மிஸ்ஸே பார்த்தார். ரத்த அழுத்தம் வந்தது. பிள்ளைகளிடம் சள்ளென்று விழுந்தார். ஆசிரியைகள் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். அது அவருக்குத் தெரியும். அடுத்த ஆண்டு அவரைவிட இளைய ஒருவரை கோ-ஆர்டினேட்டர் ஆக்கி, இவரை மறுபடி வகுப்புக்கு அனுப்பினார்கள். மேசைக்கு வந்து உட்கார்ந்தார். யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை. ஒரு மாதம் அப்படி இருந்துவிட்டு அவரும் நின்றுகொண்டார்.

நான் மட்டும் இருக்கிறேன். அந்த நீண்ட மேசை இப்போது இல்லை. சுவரைப் பார்த்தாற்போலத் தனித்தனித் தடுப்புகள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் தடுப்புக்குள் காதில் எதையாவது செருகிக்கொண்டு பேப்பர் திருத்துகிறார்கள். போன வருடம் ஆசிரியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க என்று ஒருவரை அழைத்து வந்து பயிற்சி கொடுத்தார்கள். நல்ல மனிதர். மூச்சை இழுத்துவிடச் சொன்னார். பிறகு, கண்ணை மூடி, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். என் பக்கத்தில் இருந்தது அந்த ஆண்டு வந்த சயின்ஸ் மிஸ். கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. அவரும் ஜனவரியோடு போய்விட்டார். அவர் உண்மைப் பெயரை நான் கேட்டிருக்கவே இல்லை.

சென்ற மாதம் ஒரு மாலையில் அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் என் பழைய சயின்ஸ் மிஸ்ஸைப் பார்த்தேன். ஷிப்ட் முடிந்து கும்பலாக வந்த பெண்களோடு வந்தார், நீல நிற ஓவர்கோட்டில். ஏதோ உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சரிபார்த்துப் பெட்டியில் அடுக்கும் வேலையாம். குரல் முழுசாக இருந்தது. "மிஷின் சத்தத்துல நான் ஒருத்திதான் கத்துனா கேக்குது. அதுக்கே சூப்பர்வைசர் என்னிய வேலைக்கு வெச்சிகினான்" என்று சிரித்தார். சிரிப்பு பழையது, கண் அதோடு சேரவில்லை. வேலப்பன்சாவடியில் ஒரு பள்ளியில் இடம் காலியாக இருக்கிறது, தெரிந்தவர்கள்தான், கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன்.

"வேணாம் மிஸ். இங்க பொட்டி இன்னா கேக்கும்? ஒண்ணும் கேக்காது."

"பிள்ளைங்க ஞாபகம் வரலையா?"

"வரும்."

மேத்ஸ் மிஸ்ஸும் பள்ளியை விட்டுவிட்டதையும், வீட்டோடு இருப்பதையும், எனக்கு அடிக்கடி போன் செய்து இவருடைய புது நம்பரைக் கேட்பதையும் சொன்னேன். கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"குடுக்காதீங்க."

"இன்னும் கோபமா?"

அவர் சற்று யோசித்தார். உண்மையாகவே தனக்குள் தேடிப் பார்ப்பதுபோல இருந்தது. "கோவம் இருந்துதுன்னா குடுங்கன்னு சொல்லி, ரெண்டு கேள்வி நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுருப்பேன் மிஸ். ஒண்ணும் இல்ல. உள்ள கைய விட்டுப் பாத்தா ஒண்ணுமே கெடைக்கல. அவ வந்து எதிர்ல நின்னா, யாரோ ஒரு பொம்பள நிக்கிறான்னுதான் இருக்கும். அத்த அவ பாக்க வேணாம்."

பாடி பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்து எனக்குக் கை காட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேத்ஸ் மிஸ் போன் செய்தார். பார்த்ததை மறைக்க எனக்கு மனம் வரவில்லை, சொன்னேன். எப்படி இருக்காங்க, மெலிஞ்சிட்டாங்களா, குரல் வந்துட்டுதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு, "எம்மேல கோவமா இருக்காளா மிஸ்? நெசத்தச் சொல்லுங்க" என்றார்.

"கோபம் இல்லைன்னு சொன்னாங்க" என்றேன்.

மறுமுனையில் அழுகை வெடித்தது. "எனக்குத் தெரியும் மிஸ். அவ அப்படித்தான். அவளுக்கு மனசுல எதையும் வெச்சிக்கத் தெரியாது. நான் ஒரு நா அவ வீட்டுக்கே போயி நிக்கேன். என்னப் பாத்ததும் ஏசுவா பாருங்க, முதல்ல நல்லா ஏசுவா" என்று சொல்லிச் சொல்லி அழுதார். பல வருடங்களாகச் சுமந்ததை இறக்கி வைத்தவரின் அழுகை அது. நான் போனைக் காதில் வைத்தபடி, அவர் அழுது முடியட்டும் என்று காத்திருந்தேன்.